கடைசி ஆளின் வேகம்

வியாழன், பெங்களூரு

அப்பா இறந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. தலைத் திவசம் போன வாரம் முடிந்தது. அவர் பல வருடங்கள் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஏறிய கும்பக்கரை–வெள்ளகவி–கொடைக்கானல் பாதையில் நாங்களும் ஒரு தடவை ஏற வேண்டும் என்று தம்பியும் நானும் பேசி வைத்திருந்தோம். என் மகளும் வருகிறாள். மலைக்குப் போகும் முன் பெங்களூரு போய்விட்டுப் போகலாம் என்று சொன்னது அம்மா. "அவரு ஆளானது அங்கதான்" என்றார்.

அல்சூர் ஏரியை ஒட்டித்தான் எம்.இ.ஜி. இருக்கிறது, ராணுவத்தின் மெட்ராஸ் என்ஜினியர் குரூப். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்று சொன்னால் ஊரில் எல்லாருக்கும் தெரியும். 1780-இல் தொடங்கிய படை. பாலம் போடுவது, பாதை வெட்டுவது, கண்ணிவெடி புதைப்பது, எதிரி புதைத்ததை எடுப்பது எல்லாம் இவர்கள் வேலை. பெங்களூரு டார்பிடோ என்று உலகம் முழுக்கத் தெரிந்த வெடிக்குழாயை 1912-இல் உருவாக்கியதும் இந்தப் படையைச் சேர்ந்த மெக்ளின்டாக் என்ற கேப்டன்தான். இந்தச் சிப்பாய்களுக்கு ராணுவம் முழுக்க 'தம்பி' என்றுதான் பெயர். அப்பா 1964-இல் பதினெட்டு வயதில் இங்கே வந்து தம்பி ஆனார். முகாமுக்குள் போக எங்களுக்கு அனுமதி கிடையாது. ஏரியின் எதிர்க்கரையில் கொஞ்ச நேரம் நின்றோம். அப்புறம் அப்பாவோடு ஒரே ரெஜிமெண்டில் இருந்த பெரியவர் வீட்டுக்குப் போனோம்.

அவருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. தருமபுரிக்காரர். ஓய்வுக்குப் பிறகு இங்கேயே தங்கிவிட்டார். நாங்கள் உட்கார்ந்ததும் தன் பெட்டியிலிருந்து பஷ்சிமி ஸ்டாரை எடுத்துக் காட்டினார். 1971 போரில் மேற்கு முனையில் இருந்தவர்களுக்குக் கொடுத்தது. அப்பாவிடமும் ஒன்று இருந்தது. ஆனால் அவர் அதை எடுத்துக் காட்டி நான் பார்த்ததில்லை.

அந்தப் போரில் அவர்கள் இருந்த பசந்தர் ஆற்றைப் பற்றி அப்பா எங்களிடம் அதிகம் பேசியதில்லை. பெரியவர் பேசினார். டிசம்பர் 15 ராத்திரி காலாட்படை ஆற்றைத் தாண்டிவிட்டது. பின்னால் டாங்கிகள் நிற்கின்றன. நடுவில் கண்ணிவெடி வயல். அதில் டாங்கி போகிற அகலத்துக்கு ஒரு பாதை திறந்து கொடுக்க வேண்டும். மேலே ஷெல் விழுந்துகொண்டே இருக்கிறது. பாதை பாதிதான் ஆகியிருக்கும்போது, எதிரியின் டாங்கிகள் திரளுகிற செய்தி வந்துவிட்டது. நம் பூனா ஹார்ஸ் படையின் டாங்கிகள் அந்த அரைகுறைப் பாதையிலேயே உள்ளே இறங்கின. மறுநாள் அந்த மண்ணில்தான் இருபத்தோரு வயது அருண் கேத்தர்பால் உயிரைக் கொடுத்துப் பரம்வீர் சக்ரா வாங்கினார்.

"வெடியைக் கையால எப்படித் தேடுவீங்க தாத்தா?" என்று என் மகள் கேட்டாள்.

பெரியவர் தரையில் குப்புறப் படுக்கவே போய்விட்டார், தம்பிதான் பிடித்து உட்கார வைத்தான். அப்புறம் மேசைமேல் ஒரு பென்சிலை வைத்துக் காட்டினார். கம்பியைச் செங்குத்தாகக் குத்தக் கூடாது. சாய்வாக, பூமிக்குள் நழுவ விடுகிற மாதிரி விட வேண்டும். வெடியின் மேல்பக்கம் அழுத்தம் படக் கூடாது, பக்கவாட்டில்தான் தொட வேண்டும். இறுக்கிப் பிடிக்கக் கூடாது, விரல்களுக்குள் ஆடுகிற மாதிரி இருக்க வேண்டும். எதிலாவது தட்டினால் கம்பியை வைத்துவிட்டுக் கையால் மண்ணை வழிக்க வேண்டும். அப்புறம் இரண்டு அங்குலம் தள்ளி அடுத்தது. "கருவி கத்தாத வெடியும் இருக்கு கண்ணு. சோத்துல கல்லு பொறுக்கற மாதிரிதான். அவசரப்பட்டா செத்தோம். உங்க தாத்தா எங்களுக்கெல்லாம் ஜூனியர். ஆனா கையில அவ்ளோ நிதானம். சின்னப் பையன்னு நெனச்சவன்கிட்ட நான் கத்துக்கிட்டேன்."

போன வருடம் துக்கம் கேட்க வந்தவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் பேசினார்கள். பட்டாளத்துக்காரர், கண்டிப்பானவர், டாண்ணு இருப்பார். தலையாட்டிக்கொண்டேன், ஆனால் எனக்கு ஒட்டவே இல்லை. எங்கள் அப்பா அவசரமே இல்லாத மனிதர். அவர் சத்தம் போட்டு ஒருத்தரை முடுக்கி நான் பார்த்ததில்லை. பட்டாளம் அவருக்குக் கற்றுக்கொடுத்தது பொறுமை. அதை எங்கே கற்றார் என்று இன்றைக்குத்தான் எனக்குச் சரியாகத் தெரிந்தது. இந்தப் பயணத்தில் அதைத்தான் எழுதப் போகிறேன்.

வெள்ளி, பெரியகுளம்

ராத்திரி பஸ். விடிகிறபோது வத்தலக்குண்டு. அங்கிருந்து வலது பக்கம் மலை கூடவே வருகிறது.

வீட்டில் அம்மா அப்பாவின் மலைநடை நோட்டை எடுத்து வைத்திருந்தார். நீல அட்டை போட்ட கைக்கடக்கமான நோட்டு, ஓரம் எண்ணெய் பட்டுப் பழுத்திருக்கிறது. ஒவ்வொரு நடைக்கும் ஒரு பக்கம். தேதி, எத்தனை பிள்ளைகள், எந்த இடத்தை எத்தனை மணிக்குக் கடந்தார்கள், யார் எங்கே சோர்ந்தார்கள். பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் குறிப்புகள் வேறு. 'செருப்பு சரியில்லை.' 'காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறான், கேட்டால் சொல்ல மாட்டான்.' 'இவளை முன்னால் விட்டால் நன்றாக நடக்கிறாள்.' பெயர்களை இங்கே எழுதவில்லை. ஆனால் ஒரு பக்கத்தில்கூட யார் முதலில் மேலே போய்ச் சேர்ந்தார்கள் என்று இல்லை. கடைசியாக வந்தவர் வந்த நேரம்தான் 'சேர்ந்த நேரம்'.

அப்பா 1980-இல் பட்டாளத்திலிருந்து வந்தார். அங்கே இருக்கும்போதே அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்திருந்தார். வந்து பி.எட். படித்து, பக்கத்து ஊர்ப் பள்ளியில் புவியியல் வாத்தியார் ஆனார். ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு பெறும்வரை அதே பள்ளிதான்.

அம்மாவிடம் அவர் பட்டாளத்தில் இருந்த காலத்தைக் கேட்டால் கொடைரோடு ஸ்டேஷனைத்தான் சொல்வார். லீவில் வரும்போது அங்கேதான் இறங்குவார். தகரப் பெட்டி, கம்பளி, அம்மாவுக்கு ஒரு சால்வை. வாரம் ஒரு இன்லண்ட் லெட்டர் தவறாது. போர் நடந்த மாதத்தில் மட்டும் ஒன்றும் வரவில்லை. அப்போது அவர்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை, பேசி முடித்திருந்தார்கள். ஜனவரியில் ஒரு கார்டு வந்ததாம். 'நலம். கால் கை எல்லாம் நலம்.' இரண்டே வாக்கியம். அதைச் சொல்லும்போது அம்மாவுக்கு இன்றைக்கும் குரல் மாறுகிறது.

அம்மாவுக்கு மூட்டு வலி. மலை ஏற மாட்டார். காரில் கொடைக்கானல் வந்து எங்களைச் சந்திப்பதாக ஏற்பாடு.

சனி, வெள்ளகவி

காலை ஆறரைக்குக் கும்பக்கரை. கொடைக்கானலில் ஓடுகிற பாம்பாறுதான் இங்கே வந்து பாறையில் சறுக்கி விழுகிறது. ஜனவரியில் தண்ணீர் அளவாக இருக்கிறது. வனத்துறை அனுமதி முன்னாலேயே வாங்கியாகிவிட்டது. எங்களுக்கு வழி காட்ட வெள்ளகவியிலிருந்து அண்ணன் ஒருத்தர் இறங்கி வந்திருந்தார். அப்பாவிடம் எட்டாவது, ஒன்பதாவது படித்தவர். இப்போது அவருக்குக் காப்பித் தோட்டம் இருக்கிறது.

"தங்கச்சி, பாப்பாவ எனக்குப் பின்னால விடு. நீ மூணாவது. தம்பி கடைசி. சார் சொன்ன வரிசை" என்றார்.

வரிசையில் மெதுவாக நடப்பவர் இரண்டாவது ஆள். முன்னால் போகிறவர் அவருடைய மூச்சைக் காதால் கேட்டபடி நடப்பார். மூச்சு பெரிதானால் நடை குறையும், யாரும் சொல்ல வேண்டியதில்லை. மெதுவாக வருகிறவரைக் கடைசியில் விட்டால் என்ன ஆகும் என்று அப்பா விளக்குவார். முன்னால் போனவர்கள் உட்கார்ந்து இளைப்பாறுவார்கள். அவர் வந்து சேர்ந்ததும் "சரி, கிளம்பலாமா" என்று எழுந்துவிடுவார்கள். ஓய்வு யாருக்கு வேண்டுமோ அவருக்குக் கிடைக்காது. எத்தனையோ குழுக்கள் மலையில் இதைத்தான் செய்கின்றன, நானும் பார்த்திருக்கிறேன்.

ஏற்றம் தொடக்கத்திலிருந்தே செங்குத்து. கீழே வறண்ட காடு, முள், பாறை. ஒன்றரை மணி நேரம் போனதும் மரங்கள் நெருங்குகின்றன. மலையணில் ஒன்று கிளை விட்டுக் கிளை தாவியது. வால் அதன் உடம்பைவிட நீளம். காட்டுமாட்டுச் சாணம் வழியெங்கும் கிடந்தது. மாட்டைப் பார்க்கவில்லை.

மலைச்சாலை திறக்கும்வரை கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்துதான் ஏறினார்கள். நடக்க முடிந்தவர்கள் நடந்தார்கள், வசதி உள்ளவர்கள் குதிரையிலும் டோலியிலும் போனார்கள். 1845-இல் அமெரிக்கப் பாதிரிமார் மேலே முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டியபோது சாமான் எல்லாம் ஆள் தலையில்தான் ஏறியது. அப்பா பாடம் நடத்தும்போது பங்களா கட்டியவர்களைப் பற்றி ஒரு வரி சொல்வார். தூக்கிக்கொண்டு ஏறியவர்களைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார்.

ஒரு வளைவில் அண்ணன் நின்றார். "இங்கதான் சார் எனக்குக் கான்டூர் சொல்லிக் கொடுத்தது."

சம உயரக் கோடுகள் அவருக்கு வகுப்பில் புரியவே இல்லையாம். வரைபடத்தில் சுருள் சுருளாக என்னவோ இருக்கும், அவ்வளவுதான் தெரியும். அப்பா அதட்டவில்லை. "நீ சனிக்கிழமை வீட்டுக்கு ஏறும்போது எங்கெங்க மூச்சு வாங்குதுன்னு பார்த்துக்கிட்டு வா" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை வந்து இடங்களைச் சொல்லியிருக்கிறார் அண்ணன். அப்பா நிலவரைபடத் தாளை விரித்து அந்த இடங்களைத் தொட்டுக் காட்டினாராம். மூச்சு வாங்கிய இடத்தில் எல்லாம் கோடுகள் நெருங்கி இருந்தன. சும்மா நடந்த இடத்தில் விலகி இருந்தன. "மேப்ப அன்னைக்குத்தான் தங்கச்சி படிச்சேன். எங்க ஊரே அதுல இருந்துச்சு." அடுத்த மாதம் முப்பது பிள்ளைகள் ஏறியபோது வரிசையின் முதல் ஆளாக அண்ணனைத்தான் நடக்கவிட்டார். டவுன் பிள்ளைகள் எல்லாம் இவர் பின்னால்.

எவ்வளவோ ஆசிரியர்களைப் பார்த்துவிட்டேன், நானும் பதினெட்டு வருடமாக அந்த வேலையில்தான் இருக்கிறேன். தெரியாததைத் தெரிந்ததிலிருந்து தொடங்கு என்று எல்லா பி.எட். புத்தகத்திலும் இருக்கிறது. ஒரு பையனின் மூச்சிலிருந்து தொடங்க அப்பாவுக்குத் தோன்றியிருக்கிறது. மண்ணுக்குள் இரண்டு இரண்டு அங்குலமாகத் தேடிய கை அது. பையனுக்கு எங்கே தட்டுகிறது என்றும் அப்படித்தான் தேடியிருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

மகள் ஒரு இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். தொடை இழுக்கிறது என்றாள். நோட்டைத் திறந்து பார்த்தேன். 1991-ஆம் வருடப் பக்கத்தில் அதே இடத்துக்கு நேராக 'இருபது நிமிடம். கடலை மிட்டாய். கதை' என்று இருந்தது. நாங்களும் இருபது நிமிடம் உட்கார்ந்தோம். கடலை மிட்டாய் தம்பி பையில் இருந்தது. கதையை அண்ணன் சொன்னார்.

வெள்ளகவி எல்லைக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட வேண்டும். ஊருக்குள் யாரும் காலில் எதுவும் போடுவதில்லை, ஊரே கோயில் என்பது அவர்கள் கணக்கு. அப்பா பூட்ஸின் கயிற்றை முடிச்சுப் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டபடி நுழைவார் என்று ஒரு பாட்டி சொன்னார். காப்பி, ஆரஞ்சு, மிளகு, மலைவாழை. அப்பா வந்துகொண்டிருந்த வருடங்களில் வண்டிப் பாதையே இல்லாத ஊர் இது. உடம்புக்கு முடியாதவரை டோலி கட்டித்தான் தூக்கிப் போவார்கள். ஒரு தடவை பிள்ளைகளோடு வந்த இடத்தில் பிரசவ வலி கண்ட பெண்ணைத் தூக்க ஆள் குறைந்ததாம். மூத்த பையன்களை ஊரிலேயே பத்திரமாக விட்டுவிட்டு அப்பா ஒரு தோள் கொடுத்திருக்கிறார். எங்கள் வீட்டில் அவர் இதைச் சொன்னதே இல்லை. நோட்டில் அந்தத் தேதிக்கு 'தாமதம்: நான்கு மணி நேரம். தாயும் பிள்ளையும் நலம்' என்று இருக்கிறது. இவ்வளவு நாள் அது என்னவென்று தெரியாமலே படித்திருக்கிறோம்.

அந்தப் பிள்ளையை இன்று பார்த்தோம். அவருக்கே இரண்டு குழந்தைகள். வீட்டுக்குக் கூப்பிட்டுக் காப்பி கொடுத்தார். அதற்கு மேல் எழுத எனக்கு இன்று தெம்பு இல்லை.

ஞாயிறு, வட்டக்கானல்

வெள்ளகவியிலிருந்து வட்டக்கானல் வரை சோலைக்காடும் புல்சரிவுமாக ஏற்றம். கால் பழகிவிட்டது, பேச்சும் குறைந்துவிட்டது. மேலே போகப் போக வாட்டில் மரங்கள் அதிகமாகின்றன. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை, புல்வெளியைத் தின்றுவிட்டன. அப்பாவுக்கு அதில் தீராத வருத்தம் உண்டு.

சரிவில் குறிஞ்சிப் புதர்கள் இருந்தன. 2018-இல் பூத்து, விதை போட்டு, செடி காய்ந்த பிறகு முளைத்தவை. என் மகள் இடுப்பு உயரம் இருக்கும். பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு பூ. அப்பா 1982-இல் அம்மாவையும் கைக்குழந்தையாக இருந்த தம்பியையும் என்னையும் கூட்டிவந்து காட்டினார். 1994-இல் பள்ளிப் பிள்ளைகளோடு. 2006-இல் அவரும் அம்மாவும் மட்டும். 2018-இல் எழுபத்திரண்டு வயதில் என் மகளைக் கூட்டிவந்தார். அவளுக்கு அப்போது ஐந்து. பூவைவிட அதில் மொய்த்த தேனீக்கள்தான் நினைவிருக்கிறதாம். "அடுத்தது 2030. எனக்கு எண்பத்திநாலு. வரலாம்" என்று நிஜமாகவே கணக்குப் போட்டு வைத்திருந்தார் தாத்தா என்றாள்.

அம்மா வட்டக்கானலில் காருக்கு வெளியே நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் முதலில் தலை எண்ணினார். அப்பாவிடமிருந்து வந்த பழக்கம்.

திங்கள், கொடைக்கானல்

காலையில் வான் ஆய்வகம் பக்கம் போனோம். 1899-இல் அமைத்தது. எவர்ஷெட் என்ற வானியலாளர் 1909-இல் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதைக் கண்டது இங்கேதான், அதற்கு அவர் பெயரே இருக்கிறது. அப்பாவை அந்தக் கண்டுபிடிப்பு பெரிதாகக் கவரவில்லை. நூறு வருடத்துக்கு மேலாக, மேகம் விடுகிற நாளில் எல்லாம் சூரியனைப் படம் எடுத்து அடுக்கி வைத்திருக்கிறார்களே, அதுதான் அவருக்கு. அந்தப் படங்களை எடுத்தவர்கள் பெயர் யாருக்குத் தெரியும் என்று பிள்ளைகளிடம் கேட்பார்.

மத்தியானம் ஏரி. 1863-இல் லெவிஞ்ச் என்ற கலெக்டர் கட்டியது. சுற்றி வர ஐந்து கிலோமீட்டர். அம்மா நடக்கிறேன் என்றார். தம்பி வேண்டாம் என்றான், அம்மா கேட்கவில்லை. கடைசிப் பத்து வருடமும் சாயங்காலம் அவர்கள் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் நடந்தார்கள். மலை மலையாக ஏறியவர், மூட்டு வலிக்காரியோடு தெருமுனை வரை போய்த் திரும்புவார். ஒரு எட்டுகூட முன்னால் வைக்க மாட்டார். வீட்டுக்கு வந்ததும் தைலத்தைச் சூடு பண்ணி முட்டியில் தேய்த்துவிடுவார்.

"உங்கப்பா என்னைக்கும் என்னை 'வா வா'ன்னு சொன்னதில்ல" என்றார் அம்மா. "நான் நின்னா அவரும் எதையாவது பார்த்துக்கிட்டு நிப்பாரு. மரத்தப் பார்ப்பாரு, நாயப் பார்ப்பாரு. எனக்காக நின்னாருன்னு தெரியவே விடமாட்டாரு."

ஏரியில் முக்கால்வாசிச் சுற்று முடிந்தது. மீதிக்கு வண்டி பிடித்தோம்.

அறைக்கு வந்து நோட்டைப் பற்றிப் பேசினோம். அண்ணன் இப்போதும் பள்ளிப் பிள்ளைகள் வந்தால் வழி காட்டுகிறார், அவருக்குத்தான் அது வேண்டும் என்றார் அம்மா. எனக்குக் கொடுக்க மனசு வரவில்லை. அரை மணி நேரம் பேசி, பக்கம் பக்கமாகப் பிரதி எடுத்துப் பிள்ளைகளின் பெயர்களை மறைத்துவிட்டு அண்ணனுக்கு அனுப்புவது என்று முடிவானது. நேரமும், இளைப்பாறும் இடங்களும், தண்ணீர் கிடைக்கும் இடங்களும் அப்படியே இருக்கும். பிரதி எடுக்கிற வேலை தம்பிக்கு. காலியாக இருக்கிற கடைசிப் பக்கங்களில் சனிக்கிழமை நடையை என் மகள் எழுதுகிறாள். 'சேர்ந்த நேரம்' என்ற இடத்தில் தான் வந்து சேர்ந்த நேரத்தைப் போட்டிருக்கிறாள். கடைசியில் வந்தது மாமாதான் என்று தம்பி அவளிடம் வாதாடிக்கொண்டிருக்கிறான்.